மூன்று நிமிடம், ஐந்து பேர்: பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்க ஒரு தொடக்கம்

ஜாஸ் கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெரிய இசைக்குழுக்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஐந்தாறு பேர் மட்டும் வாசித்த பழைய இசைத்தட்டுகளைக் கேளுங்கள். 1920களிலும் 1930களிலும், பெரும்பாலும் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பதிவானவை அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம். யார் முன்னால் வருகிறார், யார் அவருக்குப் பதில் சொல்கிறார், யார் ஒதுங்கி வழிவிடுகிறார் என்பதெல்லாம் இரண்டு மூன்று முறை கேட்டாலே பிடிபட்டுவிடும். பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது தனித்தனி ஆட்கள் மொத்த ஒலிக்குள் கரைந்துவிடுகிறார்கள். சிறு குழுவில் கரைய இடமில்லை. ஒருவர் கொஞ்சம் சோர்ந்தாலும் காதில் விழுந்துவிடும்.

இங்கே பேசப்போவது இரண்டு பாணிகளைப் பற்றி. ஒன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உருவாகி 1920களில் தட்டுகளில் ஏறிய பாணி. இதை டிக்ஸிலேண்ட் என்பார்கள். அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்களின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டியிருப்பதால் கறுப்பினக் கலைஞர்கள் பலர் அதை விரும்பியதில்லை. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்றே சொன்னார்கள். இன்னொன்று, 1930களின் நடுவில் அமெரிக்கா முழுவதையும் ஆட வைத்த ஸ்விங். இந்த இரண்டுக்கும் இடையில் நடந்தது என்ன? குழுவில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கவனித்து வாசிக்கும் விதம் மாறியது. எல்லோரும் சேர்ந்தே பேசிக்கொண்டிருந்த இசை, ஒருவர் பேச மற்றவர்கள் காது கொடுக்கும் இசையாக ஆனது. பத்துப் பன்னிரண்டு தட்டுகளைக் கேட்டாலே அந்த மாற்றத்தை நம் காதாலேயே பின்தொடர முடியும்.

ஏன் மூன்று நிமிடம்?

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசைதான் அடங்கும். 12 அங்குலத் தட்டில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் அடங்கும், ஆனால் அதைப் பெரும்பாலும் மேற்கத்திய செவ்வியல் இசைக்கே ஒதுக்கினார்கள். நடன அரங்கில் ஒரே பாட்டை நீட்டி நீட்டி வாசித்துப் பழகிய குழு, பதிவுக்கூடத்துக்கு வந்ததும் அதையே மூன்று நிமிடத்துக்குள் சுருக்கியாக வேண்டும். பதிவான பிறகு வெட்டி ஒட்டவும் வழி கிடையாது. நடுவில் யாராவது தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். இந்த நெருக்கடி இசைக்குக் கெடுதல் செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கலைஞருக்குக் கிடைப்பது அரை நிமிடம்தான் என்னும்போது, அதில் வீணாக ஒரு ஸ்வரம்கூட விழுவதில்லை.

1925 வரை மைக்ரோஃபோன்கூட இல்லை. ஒரு பெரிய உலோகக் குழலின் வாயைப் பார்த்தபடி எல்லோரும் வாசிப்பார்கள். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். சத்தம் அதிகமான வாத்தியம் தள்ளி நிற்கும், சத்தம் குறைந்தது கிட்டே வரும். பேஸ் டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் முழு டிரம்ஸையும் உள்ளே விடமாட்டார்கள். 1923ஆம் ஆண்டுத் தட்டுகளில் டிரம்ஸ் வெறும் மரக்கட்டை தட்டுவதுபோலக் கேட்பதற்கு இதுதான் காரணம். கேட்பது உண்மையிலேயே மரக்கட்டைதான். தட்டியவர் பேபி டாட்ஸ், அன்றைக்கு அந்த வாத்தியத்தில் அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலரே. நமக்குக் கிடைத்திருப்பது அவருடைய திறமையில் ஒரு சிறு பங்கு.

சுற்றிச் சுற்றி வரும் பாட்டு

கேட்பதற்கு முன் ஒரே ஒரு அடிப்படையைப் புரிந்துகொண்டால் போதும். அது கோரஸ். ஜாஸில் கோரஸ் என்றால் பாட்டின் ஒரு முழுச் சுற்று. கர்நாடக இசையில் தாளம் ஆவர்த்தனமாகச் சுற்றி வருவதுபோல இங்கே பாட்டின் முழு அமைப்பும் சுற்றி வரும். ஆனால் சுற்றுவது தாளம் மட்டுமல்ல. கூடவே ஸ்வரக் கூட்டுகளும், அதாவது கார்டுகளும், ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே வரும். மனோதர்மமாக வாசிப்பவர் அந்தந்த நொடியில் எந்தக் கார்டு கடந்து போகிறதோ அதற்குப் பொருந்தும்படி தன் ஸ்வரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரும்பாலான தட்டுகளை இரண்டு அமைப்புகளில் அடக்கிவிடலாம். ஒன்று 12 பார் ப்ளூஸ். நான்கு எண்ணிக்கை ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. பாடலாக இருந்தால் முதல் வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவதாகப் பதில் வரியைச் சொல்லி முடிப்பார்கள். இன்னொன்று 32 பார் கொண்ட சினிமா, நாடகப் பாட்டு அமைப்பு. அதில் எட்டு எட்டு பாராக நான்கு பகுதிகள் இருக்கும், பெரும்பாலும் மூன்றாவது பகுதி மட்டும் வேறு மெட்டுக்குப் போய்த் திரும்பும். விரலால் தட்டிக்கொண்டே எண்ணிப் பாருங்கள். சுற்று எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி ஜாஸ் புரிந்த மாதிரி. ஆள் மாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கும்.

எல்லோரும் சேர்ந்து பேசிய காலம்

ஜாஸ் என்ற பெயரோடு வெளிவந்த முதல் தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவானது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஐந்து வெள்ளையர்கள். குழுவின் பெயர் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட். தட்டின் ஒரு பக்கமான ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’ பாட்டில் கிளாரினெட் சேவலாகக் கூவும், ட்ரம்பெட்டை ஒத்த, சற்றுச் சிறிய ஊது வாத்தியமான கார்னெட் குதிரையாகக் கனைக்கும். விற்பனை பெரிதாக நடந்தது. வரலாற்றுக்காக ஒருமுறை கேளுங்கள், அது போதும்.

இசைக்காகக் கேட்க வேண்டியது 1923 ஏப்ரலில் தொடங்குகிறது. கிங் ஆலிவர் என்ற நியூ ஆர்லியன்ஸ் கார்னெட் கலைஞர் சிகாகோவின் லிங்கன் கார்டன்ஸ் நடன அரங்கில் ஒரு குழுவை நடத்திவந்தார். 1922இல் தன் ஊரிலிருந்து ஓர் இளைஞரை இரண்டாவது கார்னெட் வாசிக்க வரவழைத்தார். அவர்தான் லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங். அடுத்த ஆண்டு குழு முழுவதும் ரயிலேறி இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊருக்குப் போய், ஜென்னெட் நிறுவனத்துக்காக வாசித்தது. பதிவுக்கூடம் ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. வண்டி போனால் வேலை நின்றுவிடும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரைக் குழலிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்க வைத்தார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார்.

இந்தத் தட்டுகளில் முதலில் கேட்பது ஒரே நெரிசலாகத் தோன்றும். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நேராகப் போகும். கிளாரினெட் அதற்கு மேலே வேகமான சின்னச் சின்ன ஸ்வரங்களால் பின்னிக்கொண்டே போகும். ட்ராம்போன் கீழே வழுக்கி வழுக்கி, கார்னெட் மூச்சு வாங்கும் இடைவெளிகளை நிரப்பும். பியானோ, கிட்டார் போன்ற தந்தி வாத்தியமான பாஞ்சோ, டிரம்ஸ் ஆகியவை தாளத்தையும் கார்டுகளையும் தாங்கும். இப்படி மூன்று வாத்தியங்கள் ஒரே நேரத்தில், ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல், தனித்தனி வழியில் போவதுதான் கூட்டு மனோதர்மம். ஒரு முறை கார்னெட்டை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை ஜானி டாட்ஸின் கிளாரினெட். பிறகு ட்ராம்போன். நெரிசல் மெல்ல விலகிவிடும்.

‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ தட்டில் ஆலிவர் மூன்று சுற்று தனியாக வாசிக்கிறார். கார்னெட்டின் வாயை மூடித் திறந்து குழந்தை அழுவதுபோன்ற ‘வா வா’ ஒலியை எழுப்புகிறார். ஏப்ரலில் ஜென்னெட்டுக்கு வாசித்த அதே பாட்டை ஜூனில் ஓகே என்ற இன்னொரு நிறுவனத்துக்கும் அந்தக் குழு பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆலிவரின் பகுதி பெரிதாக மாறவில்லை என்பது தெரியும். ஜாஸ் என்றாலே ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிப்பது என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அந்தத் தலைமுறைக்கு நன்றாக அமைந்த ஒரு சோலோ காப்பாற்றி வைக்க வேண்டிய சொத்து. பின்னால் வந்த ட்ரம்பெட் கலைஞர்களும் அந்தப் பாட்டை வாசித்தபோதெல்லாம் ஆலிவரின் அந்த மூன்று சுற்றையே பின்பற்றினார்கள்.

கூட்டு வாசிப்பை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதி, அதற்குள் சுதந்திரத்துக்கும் இடம் விட்டவர் ஜெல்லி ரோல் மார்ட்டன். 1926 செப்டம்பரில் சிகாகோவில் ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவோடு அவர் பதிவு செய்த ‘பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்’ ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் எத்தனை விதமாக நிறம் மாறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். குழு சட்டென்று நின்று ஒருவரை மட்டும் இரண்டு பார் வாசிக்க விடும் பிரேக் என்ற உத்தி அதில் நிறைய வரும். இதற்குள் மைக்ரோஃபோன் வந்துவிட்டதால் பேஸ் என்ற கனத்த குரல் கொண்ட தந்தி வாத்தியத்தின் ஒலியும் நன்றாகக் கேட்கும்.

ஆர்ம்ஸ்ட்ராங் உடைத்த கதவு

1925 நவம்பர் 12 அன்று ஆர்ம்ஸ்ட்ராங் தன் பெயரில் முதல்முறையாகப் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தார். உடன் வந்தவர்கள் ட்ராம்போனில் கிட் ஓரி, கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், பாஞ்சோவில் ஜானி செயின்ட் சிர், பியானோவில் அவர் மனைவியாகியிருந்த லில். ஹாட் ஃபைவ் என்று பெயர். இரவுகளில் ஆளுக்கொரு இடத்தில் வேலை பார்த்தவர்கள், தட்டுக்காக மட்டும் கூடிய குழு இது. பின்னர் ட்யூபா என்ற பெரிய, கனத்த ஊது வாத்தியமும் டிரம்ஸும் சேர்ந்து ஹாட் செவன் ஆனது.

தொடக்கத் தட்டுகளில் பழைய நியூ ஆர்லியன்ஸ் நெசவு அப்படியே இருக்கிறது. ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆற்றல் அதற்குள் அடங்க மறுக்கிறது. 1927 மே மாதத்தின் ‘பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்’ பாட்டில் ஒரு முழுச் சுற்று குழு ஏறக்குறைய மௌனமாகிவிடும். இரண்டு பாருக்கு ஒருமுறை ஒரே ஓர் அடி மட்டும் கேட்கும். மிச்ச இடம் முழுக்க ஆர்ம்ஸ்ட்ராங் தனியாக நடக்கிறார். தாளத்தை வேறு யாரும் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவர் வாசிப்பதிலேயே தாளம் ஓடுகிறது, நாமும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறோம். இதை ஸ்டாப் டைம் என்பார்கள். பேரில் ப்ளூஸ் இருந்தாலும் இது 12 பார் ப்ளூஸ் அல்ல, 32 பார் பாட்டு.

அப்புறம் 1928 ஜூன் 28. ஒரே ஒரு தட்டை மட்டும் கேட்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ தட்டைத்தான் கையில் கொடுப்பேன். எழுதியவர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரு ஆலிவர். இப்போது குழுவில் பழைய ஆட்கள் இல்லை. பியானோவில் ஏர்ல் ஹைன்ஸ், டிரம்ஸில் ஸூட்டி சிங்கிள்டன், ட்ராம்போனில் ஃப்ரெட் ராபின்சன், கிளாரினெட்டில் ஜிம்மி ஸ்ட்ராங், பாஞ்சோவில் மேன்சி கார். முதல் பன்னிரண்டு நொடிகள் ட்ரம்பெட் மட்டும், துணையே இல்லாமல். நான்கு ஸ்வரங்கள் அழுத்தமாக விழுந்ததும் ஏறி, உச்சியைத் தொட்டு, சுழன்று இறங்கி வருகிறது. தாளக்கட்டு எதுவும் இல்லை, ஆனாலும் ஸ்விங், அதாவது உடம்பை ஆட வைக்கும் தாள உணர்வு, இருக்கிறது. அன்றைக்கு இதைக் கேட்ட ட்ரம்பெட் கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தால் இதெல்லாம் முடியும் என்பதையே அப்போதுதான் அறிந்திருப்பார்கள்.

அதன் பிறகு 12 பார் ப்ளூஸ் ஐந்து சுற்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 நொடி. முதல் சுற்றில் ஆர்ம்ஸ்ட்ராங் மெட்டை எளிமையாகச் சொல்லி, முடிவில் மேலே ஏறுகிறார். இரண்டாவது சுற்று ட்ராம்போனுக்கு, பின்னால் சிங்கிள்டன் குளம்படி மாதிரி ஓர் ஒலியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவதில் கிளாரினெட் தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொல்ல, ஆர்ம்ஸ்ட்ராங் சொற்களே இல்லாமல் பாடிப் பதில் தருகிறார். இந்த உரையாடலின் மென்மைக்கு இணையாக அந்தக் காலத்துத் தட்டுகளில் நான் எதையும் கேட்டதில்லை. நான்காவதில் ஹைன்ஸ் தனியாக, பியானோவின் வலது கையை ட்ரம்பெட் போலவே பேச வைக்கிறார். ஐந்தாவதில் ஆர்ம்ஸ்ட்ராங் ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்து ஏறக்குறைய நான்கு பார் முழுக்க விடாமல் நிற்கிறார். கீழே கார்டு மாறுகிறது, மேலே அந்த ஒற்றை ஸ்வரம் அசையவில்லை. பிறகு அது உடைந்து அருவியாகக் கொட்டுகிறது. பியானோவில் சில வரிகள், ட்ரம்பெட்டின் கடைசிச் சொல், சிங்கிள்டனின் ஒரு ‘டொக்’. முடிந்தது.

இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது ஏறக்குறைய நின்றுபோய்விட்டதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் வரிசையாக முன்னால் வருகிறார்கள். 1923க்கும் 1928க்கும் இடையே ஐந்தே வருடம்.

அதே காலத்தில் இன்னொரு குரலும் இருந்தது. 1927 பிப்ரவரியில் ஃப்ராங்கி ட்ரம்பாவர் குழுவின் ‘சிங்கின் தி ப்ளூஸ்’. அதில் ட்ரம்பாவரின் சாக்ஸஃபோனும் அதைத் தொடர்ந்து பிக்ஸ் பைடர்பெக்கின் கார்னெட்டும், எடி லாங்கின் கிட்டார் துணையோடு ஆளுக்கு ஒரு முழுச் சுற்று வாசிக்கிறார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் தீ இதில் கிடையாது. அடங்கிய, யோசித்துப் பேசுகிற நிதானம். பிக்ஸ் 28 வயதிலேயே 1931இல் இறந்துபோனார். ட்ரம்பாவரின் இந்த வாசிப்பை ஒரு கறுப்பினச் சிறுவன் ஊர் ஊராகச் சுற்றிய தன் குடும்பக் குழுவில் இருந்தபடி ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் லெஸ்டர் யங். அவனிடம் பிறகு வருவோம்.

தாளம் இலகுவானது

ஸ்விங் காலத்துக்குள் நுழையும்போது முதலில் காதில் படுவது அடித்தளத்தின் மாற்றம். டிக்ஸிலேண்ட் தட்டுகளில் ட்யூபா பாரின் ஒன்றாவது, மூன்றாவது எண்ணிக்கையில் ‘உம்’ என்று விழும். பாஞ்சோ நறுக்கென்று வெட்டும். 1930களில் ட்யூபாவின் இடத்துக்கு நின்று வாசிக்கும் டபுள் பேஸும், பாஞ்சோவின் இடத்துக்கு கிட்டாரும் வந்தன. பேஸ் நான்கு எண்ணிக்கையிலும் சமமாக நடந்தது. டிரம்ஸ் கலைஞர்கள் தாளத்தைக் கனமான பேஸ் டிரம்மிலிருந்து எடுத்து ஹை ஹாட் என்ற ஜோடிச் சிம்பலில் வைத்தார்கள். கான்சாஸ் சிட்டியிலிருந்து வந்த கவுண்ட் பேஸியின் குழுவில் வால்டர் பேஜ் பேஸும், ஜோ ஜோன்ஸ் டிரம்ஸும், ஃப்ரெடி கிரீன் கிட்டாரும் வாசித்தால் தாளம் ஓடுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாது.

ஸ்விங் என்றால் பெரிய குழுக்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் பாலோமர் அரங்கில் பென்னி குட்மன் குழுவுக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தபோதுதான் அந்தக் காலம் பிறந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 13 அன்று, குட்மன் நியூயார்க்கில் வேறொரு காரியம் செய்திருந்தார். கிளாரினெட்டில் அவர், பியானோவில் டெடி வில்சன், டிரம்ஸில் ஜீன் க்ரூபா. மூன்றே பேர். பாடகி மில்ட்ரெட் பெய்லி வீட்டு விருந்து ஒன்றில் குட்மனும் வில்சனும் சும்மா சேர்ந்து வாசித்ததில் முளைத்த யோசனை அது.

‘ஆஃப்டர் யூ’வ் கான்’ தட்டைக் கேளுங்கள். பேஸ் இல்லை. அந்தக் குறையே தெரியாதபடி வில்சனின் இடது கை அகலமான கார்டுகளை விரித்துக் கொண்டே போகிறது, வலது கை ஒற்றை ஸ்வரங்களால் தெளிவாகக் கோலம் போடுகிறது. க்ரூபா பெரிய குழுவில் இடி இடிப்பவர், இங்கே பிரஷ்ஷைக் கையில் எடுத்துக் கிசுகிசுக்கிறார். குட்மன் சூடாக வாசிக்கும்போதும் எல்லாமே துல்லியம். டிக்ஸிலேண்ட் நெசவின் ஒரு பேரக்குழந்தை இதில் ஒளிந்திருப்பதையும் கேட்கலாம்: கடைசிச் சுற்றில் மூவரும் சேர்ந்துகொள்ளும் இடம் பழைய நியூ ஆர்லியன்ஸின் முடிவுச் சுற்றைத்தான் நினைவூட்டும்.

1936 ஆகஸ்டில் லயனல் ஹாம்ப்டன் நான்காவதாக வந்து சேர்ந்தார். அவருடைய வாத்தியம் வைப்ரஃபோன்: உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்ட, கீழே உள்ள குழாய்களில் மோட்டார் சுழற்றும் தகடுகள் ஒலியை நடுங்க வைக்கும். அந்த மாதமே பதிவான ‘மூன்க்ளோ’வில் கிளாரினெட்டும் வைப்ரஃபோனும் ஒன்றில் ஒன்று கலந்து நிற்கும் ஒலி அதற்கு முன் ஜாஸில் இல்லாதது.

குட்மனும் க்ரூபாவும் வெள்ளையர்கள். வில்சனும் ஹாம்ப்டனும் கறுப்பினத்தவர்கள். பதிவுக்கூடத்தின் மூடிய கதவுக்குள் இப்படிச் சேர்வது அதற்கு முன்பும் நடந்ததுண்டு. 1923இலேயே ரிச்மண்டில் ஜெல்லி ரோல் மார்ட்டன் ஒரு வெள்ளையர் குழுவோடு வாசித்திருக்கிறார். பணம் கொடுத்து வந்த கூட்டத்தின் கண்ணெதிரே, பெரிய ஓட்டல்களிலும் அரங்குகளிலும், இனம் கலந்த குழு தவறாமல் ஏறி வாசிப்பது 1936இல் மிகப் பெரிய விஷயம். 1938 ஜனவரி 16 அன்று இந்த நால்வரும் நியூயார்க்கின் கார்னெகி ஹாலிலும் வாசித்தார்கள். அமெரிக்கப் பேஸ்பாலில் இனத்தடை உடைய இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

லெஸ்டரும் பில்லியும்

டெடி வில்சனுக்கு அப்போது இன்னொரு வேலையும் இருந்தது. பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காக, காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ்களுக்கென்று, சின்னக் குழுக்களைத் திரட்டித் தட்டுகள் பதிவு செய்தார். 1935 ஜூலையில் தொடங்கிய அந்தப் பதிவுகளில் பாடியவர் இருபது வயது பில்லி ஹாலிடே. பாட்டுகள் அன்றைய புதுச் சரக்கு, பல சாதாரணமானவை. விரிவாக எழுதிய இசைக்குறிப்புகள் கிடையாது. வாத்தியக்காரர்கள் ஒரு சுற்று, பில்லி ஒரு சுற்று, மறுபடி வாத்தியக்காரர்கள் என்று மூன்று நிமிடம் முடிந்துவிடும். பில்லி அங்கே நட்சத்திரம் அல்ல. ட்ரம்பெட்டுக்குக் கிடைக்கும் அளவு நேரம்தான் அவருக்கும். அதனாலேயே அவரும் ஒரு வாத்தியக் கலைஞர்போலப் பாடினார். மெட்டைத் தட்டையாக்கி, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி நின்று, சாதாரண வரியையும் தன் வாழ்க்கையில் நடந்ததுபோல மாற்றினார்.

1937 ஜனவரி 25 அன்று பேஸி குழுவிலிருந்து சிலரை வில்சன் அழைத்தார். டெனர் சாக்ஸஃபோனில் லெஸ்டர் யங். ‘திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்’ பாட்டை அவர்தான் தொடங்கிவைக்கிறார். கோல்மன் ஹாக்கின்ஸின் கனத்த, தழுதழுத்த டெனர் ஒலிதான் அன்றைய இலக்கணம். லெஸ்டர் மெல்லிய, காற்றோட்டமான ஒலியில் மெட்டைத் தொட்டும் தொடாமலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். உடனே பில்லி அதே மனநிலையில் நுழைகிறார். அவர் லெஸ்டருக்குப் ‘பிரெஸ்’ என்றும், லெஸ்டர் அவருக்கு ‘லேடி டே’ என்றும் பெயர் வைத்தார்கள். 1937 ஜூனில் பதிவான ‘எ செயில்போட் இன் தி மூன்லைட்’ பாட்டில் பில்லி பாடும்போது பின்னால் லெஸ்டர் வாசிப்பதைக் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் வார்த்தை மேல் மற்றவர் வார்த்தை விழுவதேயில்லை. ஆலிவர் குழுவின் நெசவு எங்கும் தொலைந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றுவது இதைக் கேட்கும்போதுதான். அது இரண்டு பேருக்குள் இன்னும் நெருக்கமாகச் சுருங்கியிருக்கிறது.

லெஸ்டரின் முதல் பதிவுகள் 1936இல் சிகாகோவில் நடந்தவை. பேஸி ஏற்கெனவே டெக்கா நிறுவனத்திடம் கையெழுத்திட்டிருந்ததால் அவர் பெயரைத் தட்டில் போட முடியவில்லை. ட்ரம்பெட் கலைஞர் கார்ல் ஸ்மித், டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் பெயர்களைச் சேர்த்து ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட் என்று குழுவுக்குப் பெயரிட்டார்கள். அதில் ‘லேடி பி குட்’ பாட்டில் லெஸ்டர் இரண்டு சுற்று, 64 பார், வாசிக்கிறார். அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று கணிக்கவே முடியாது. திரும்பிய பிறகு அதைத் தவிர வேறு வழி இருந்திருக்க முடியாது என்று தோன்றும்.

இன்னும் சில வாசல்கள்

அட்லாண்டிக்கைத் தாண்டி பாரிஸில் ஜாங்கோ ரைன்ஹார்ட் இருந்தார். 1928இல் வண்டி வீட்டில் பற்றிய தீயில் இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறைய செயலிழந்துபோன கிட்டார் கலைஞர். 1934இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு அவர் தொடங்கிய குழுவில் மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு பேஸ், டிரம்ஸே கிடையாது. 1937இன் ‘மைனர் ஸ்விங்’ கேட்டால் டிரம்ஸ் இல்லாததைக் கவனிக்கக்கூட மாட்டீர்கள்.

சார்லி கிறிஸ்டியன் 1939இல் குட்மனின் ஆறு பேர் குழுவில் சேர்ந்து மின்சார கிட்டாரை ஊது வாத்தியங்களுக்குச் சமமாக முன்னால் கொண்டுவந்தார். காசநோயால் 1942இல் இறந்தபோது அவருக்கு வயது 25. டியூக் எலிங்டன் குழுவினர் சின்னக் குழுக்களாகப் பிரிந்தும் பதிவு செய்தார்கள். ‘கேரவன்’ முதலில் வந்தது 1936இல் பார்னி பிகார்டின் பெயரில்தான். ஃபேட்ஸ் வாலரின் ஆறு பேர் குழு சிரித்துக்கொண்டே அற்புதமான பியானோவை ஒளித்துவைத்திருக்கும்.

பழைய பாணியும் செத்துவிடவில்லை. கார்னெகி ஹால் கச்சேரிக்கு மறுநாள், 1938 ஜனவரி 17 அன்று, மில்ட் கேப்லர் என்ற நியூயார்க் தட்டுக் கடைக்காரர் தன் கொமோடோர் நிறுவனத்தின் முதல் பதிவை நடத்தினார். எடி காண்டன் தலைமையில் பாபி ஹாக்கெட், பீ வீ ரஸ்ஸல் போன்றவர்கள் வாசித்தார்கள். அந்த இசையில் டிக்ஸிலேண்டின் கூட்டு வாசிப்பும் ஸ்விங்கின் இலகுவான தாளமும் கைகோத்திருக்கும். 1939இல் மக்ஸி ஸ்பேனியர் பதிவு செய்த பதினாறு பாட்டுகளும் அப்படித்தான். அதே வருடம் ஜூனில், புதிதாகத் தொடங்கிய ப்ளூ நோட் நிறுவனத்துக்காக, நியூ ஆர்லியன்ஸின் மூத்தவரான சிட்னி பெஷே ‘சம்மர்டைம்’ வாசித்தார். 12 அங்குலத் தட்டு, அதனால் நான்கு நிமிடம். சோப்ரானோ சாக்ஸஃபோனில் அவர் மட்டுமே மெட்டைச் சுமந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுகிறார்.

எந்தப் பதிப்பைக் கேட்பது

ஒரே பாட்டுக்கு இணையத்தில் பல பிரதிகள் கிடைக்கும். தேய்ந்த தட்டின் இரைச்சலை முழுதாகத் துடைத்தெடுத்த பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள்; இரைச்சலோடு சேர்ந்து சிம்பலும் கிளாரினெட்டின் மேல் ஒலிகளும் போயிருக்கும். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் வாத்தியங்கள் உயிரோடு கேட்கும் பிரதியே நல்லது. ஜான் ஆர். டி. டேவிஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் மீட்டெடுத்தவை என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். 1923ஆம் ஆண்டுப் பதிவுகள் 2024 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிவிட்டன. அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் நேஷனல் ஜூக்பாக்ஸ் தளத்தில் 1917இன் அந்த முதல் ஜாஸ் தட்டையும் இலவசமாகக் கேட்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ முதலில், அதிலிருந்து பின்னோக்கி ஆலிவருக்குப் போங்கள், பிறகு முன்னோக்கிக் குட்மன் மூவருக்கு வாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை சுற்றுகளை எண்ணிக்கொண்டு. மூன்றாவது முறை, யார் சோலோ வாசிக்கிறாரோ அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கேளுங்கள். வில்சன் தட்டுகளில் லெஸ்டர் வாசிக்கும்போது ஜோ ஜோன்ஸின் ஹை ஹாட்டைப் பின்தொடர்ந்து பார்ப்பது இதற்கு நல்ல பயிற்சி.